பென்சில்வேனியா மொறுமொறு ப்ரெட்சல்: எதை வாங்குவது, வீட்டில் எப்படிச் சுடுவது

மாவைக் கயிறாக உருட்டி, முடிச்சுப்போல முறுக்கிச் சுடும் பண்டம் ப்ரெட்சல். அதில் மொறுமொறுவென்று இருக்கும் கெட்டி ரகத்தை வீட்டில் முயல்கிறவர்கள் பெரும்பாலும் மெத்து ப்ரெட்சலுக்கான செய்முறையை எடுத்துக்கொண்டு, ஓவனில் கூடுதலாகப் பத்து நிமிடம் விடுகிறார்கள். வெளிப்புறம் கருகிவிடுகிறது, நடுப்பகுதி ரப்பராக இழுக்கிறது. நிறம், மணம், பளபளப்பு மூன்றும் காரக் (அல்கலி) கரைசலிலும் நல்ல சூட்டிலும் வருபவை. மொறுமொறுப்பு அதன் பிறகு, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காயவைப்பதில் வருகிறது. இரண்டையும் ஒரே சூட்டில் முடிக்க வழியில்லை. பெரிய பேக்கரிகளில் சுடும் ஓவனை அடுத்துத் தனியாக ஓர் உலர்த்தும் அறை வைத்திருப்பது இதற்காகத்தான்.

சுடுவதற்கு முன் நல்லதைச் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இலக்கு எதுவென்று நாக்குக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் கெட்டி ப்ரெட்சலின் தாய்வீடு பென்சில்வேனியாவின் தென்கிழக்கு மூலை: லங்காஸ்டர், பெர்க்ஸ், யார்க் மாவட்டங்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் குடியேறிகள் கொண்டுவந்த பண்டம் இது. லிடிட்ஸ் ஊரில் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் 1861இல் தொடங்கியது அமெரிக்காவின் முதல் வணிக ப்ரெட்சல் பேக்கரி என்று அறியப்படுகிறது. 1784இல் கட்டப்பட்ட அந்தக் கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. போகிறவர்கள் மாவை முறுக்கிப் பார்க்கலாம். அவர் பேரன் வழியில் 1946இல் தொடங்கிய டாம் ஸ்டர்ஜிஸ், ரீடிங் நகரை ஒட்டிய பகுதியில் தனி நிறுவனமாக நடக்கிறது.

கையால் முறுக்கியதன் ருசி வேண்டுமென்றால் லங்காஸ்டரில் ஹாம்மண்ட்ஸ் (1931), அருகிலுள்ள ஆக்ரன் ஊரில் மார்ட்டின்ஸ். மார்ட்டின்ஸ் ப்ரெட்சல் கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும், உப்பு தாராளம், நன்றாகச் சிவந்திருக்கும். ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமானால் அதை வாங்கலாம். கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஹானோவர் ஊரின் ஸ்னைடர்ஸ். 1909இல் தொடங்கிய அந்தப் பெயர் 2018 முதல் கேம்ப்பெல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்களுடைய புளித்த மாவு கெட்டி ப்ரெட்சல் கனமானது, பல்லுக்கு வேலை வைக்கும். அதே ஹானோவரில் 1921இல் உருளைக்கிழங்கு சிப்ஸோடு தொடங்கிய அட்ஸ், ‘ஸ்பெஷல்ஸ்’ என்ற பெயரில் விற்பது இன்னும் இலேசானது. ரீடிங் பக்கத்து யுனீக் நிறுவனத்தின் ‘ஸ்ப்ளிட்ஸ்’ தனி ரகம்: மாவைக் கூடுதலாகப் பொங்கவிடுவதால் சூட்டில் பக்கவாட்டில் வெடித்துத் திறந்து, உள்ளே குழிகுழியாக இருக்கும். அதன் கருஞ்சிவப்பு வகையில் காப்பிக்கொட்டை வறுத்த கசப்பு ஓர் இழையாக ஓடும்.

கையால் முறுக்கியதா என்று பார்க்கப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கை வேலையில் ஒரு கயிறு இன்னொன்றின் மேல் ஏறி இறங்கியிருக்கும். இன்று பெரிய ஆலைகளில் பெரும்பாலும் அச்சு வழியே ப்ரெட்சல் வடிவத்திலேயே மாவைத் தள்ளி, வில்லைகளாக நறுக்கிவிடுகிறார்கள். அதில் முடிச்சு இருக்காது, முடிச்சின் படம்தான் இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கும் ஒரே தடிமனாக இருப்பதால் அது சீராகக் காயும். கையால் முறுக்குகிறவர்களுக்கு முடிச்சுதான் தலைவலி.

மாவு

30 ப்ரெட்சலுக்கு: மைதா 500 கிராம், தண்ணீர் 240 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், தூள் உப்பு 7 கிராம், எண்ணெய் 15 கிராம், பார்லி மால்ட் தூள் அல்லது சர்க்கரை 8 கிராம்.

புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவைத் தேட வேண்டாம். மென்மையான கோதுமையில் அரைத்த, புரதம் 9 முதல் 10 சதவீதம் உள்ள மாவுதான் இதற்குச் சரி. நம் ஊர் மைதா அந்தக் கணக்கில் ஏறக்குறைய சரியாக வருகிறது. புரதம் கூடினால் கயிறு உருட்ட உருட்டப் பின்னால் சுருங்கும். காய்ந்த பிறகு கடிக்க நொறுங்காது, பல்லோடு மல்லுக்கு நிற்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து எட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். பூரி மாவுக்கும் ஒரு படி கெட்டியாக இருக்கும், கையில் ஒட்டவே ஒட்டாது. முதல் மூன்று நிமிடம் உதிரியாகத் தெரிந்தால் பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மூடிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி பிசைந்தால் வழவழப்பாகிவிடும். பிறகு 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் பொங்கட்டும். சென்னை மே மாதத்தில் 40 நிமிடமே போதும். இரட்டிப்பாக வேண்டியதில்லை, ஒன்றரை மடங்கு வந்தால் சரி. ருசி கூட வேண்டுமானால் ஈஸ்ட்டை 1 கிராமாகக் குறைத்து, இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். புளித்த மாவு ரகங்களின் இலேசான புளிப்பு கொஞ்சம் கிட்டும்.

முறுக்குவது

25 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 35 செ.மீ. நீளம், 9 மி.மீ. தடிமனில் கயிறாக உருட்டுங்கள். மேடையில் மாவு தூவாதீர்கள். கயிறு வழுக்குமே தவிர நீளாது. உலர்ந்தாற்போல் இருந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பாதியில் சுருங்கினால் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை உருட்டி, ஐந்து நிமிடம் கழித்து இதற்கு வாருங்கள்.

ஜெர்மனியின் மெத்து ப்ரெட்சலில் நடு தடித்தும் கைகள் மெலிந்தும் இருக்கும். கெட்டி ப்ரெட்சலுக்கு அது ஆகாது. நுனியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன் வேண்டும். இல்லாவிட்டால் நடு காய்வதற்குள் கைகள் கருகும். கயிற்றை ‘ப’வைப் போல, திறந்த பக்கம் மேலே இருக்குமாறு வையுங்கள். இரு நுனிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு சுற்று முறுக்கி, கீழ் வளைவின் மேல், கடிகாரத்தில் நான்கும் எட்டும் இருக்கும் இடங்களில் அழுத்துங்கள். இரண்டு சுற்று முறுக்கினால் அழகாக இருக்கும், ஆனால் அந்த இடம் காயாது. அழுத்துமிடத்தில் ஒரு துளித் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ஓவனில் பிரியாது.

தேர்ந்த கை நிமிடத்துக்கு 40 முறுக்கும் என்பது அந்தத் தொழிலில் சொல்லப்படும் கணக்கு. 1930களில் ரீடிங் நகரில் வந்த முறுக்கும் இயந்திரம் அதை 245 ஆக்கியது. வீட்டில் நிமிடத்துக்கு ஒன்று வந்தாலே நல்ல வேகம். சலிப்பு தட்டினால் மீதி மாவைக் குச்சிகளாக நறுக்குங்கள். முடிச்சு இல்லாததால் முதல் முறை செய்கிறவர்களுக்குக் குச்சிதான் பாதுகாப்பானது.

முறுக்கியவற்றை 15 நிமிடம் அறை வெப்பத்தில் விட்டு, பிறகு மூடாமல் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மேலே மெல்லிய தோல் கட்டும், கரைசலில் போடும்போது வடிவம் குலையாது. ‘ஸ்ப்ளிட்ஸ்’ போல வெடிக்க வேண்டுமென்றால் 15 நிமிடத்தை 40 ஆக்குங்கள்.

காரக் கரைசல்

உண்மையான ப்ரெட்சல் மணம் சோடியம் ஹைட்ராக்சைடில், அதாவது காஸ்டிக் சோடாவில்தான் வரும். கடும் காரத்தில் மாவின் மேற்பரப்பு மாவுச்சத்து கூழாகிப் பளபளக்கும். சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கும் வினை வேகமெடுக்கும். சுடும்போது மேலே மிஞ்சும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகிவிடுவதால், அளவோடு நனைத்துச் சுட்ட பண்டத்தைச் சாப்பிடுவதில் ஆபத்தில்லை. ஆபத்து முழுக்க நனைக்கும் நேரத்தில் இருக்கிறது.

ஆலைகளில் ஒரு சதவீதத்தை ஒட்டிய கரைசலைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி, அதில் சில விநாடிகள் மூழ்கவிடுவார்கள். வீட்டுக்கு அது வேண்டாம், சூடான காரம் தெறித்தால் பொறுக்காது. அறை வெப்பத்தில் 3 சதவீதம் போதும்: ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 30 கிராம், உணவுத் தரம் என்று குறிப்பிட்டது மட்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளை எடுக்கவே கூடாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும்; அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. பாத்திரம், கரண்டி, தட்டு எல்லாம் எவர்சில்வர். அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும், தட்டும் கறுத்துப்போகும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள், வினிகர் வைத்துத் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒவ்வொன்றையும் 15 முதல் 20 விநாடி நனைத்து, கம்பித் தட்டில் சொட்டச் சொட்ட வடியவிடுங்கள். அடியில் குட்டையாகத் தேங்கினால் அந்த இடம் சோப்பு மாதிரி வழுக்கும், கசக்கும்.

காஸ்டிக் சோடா வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று உண்டு. ஆப்ப சோடாவை எவர்சில்வர் தட்டில் பரப்பி 130 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். 100 கிராம் ஏறக்குறைய 63 கிராமாக இறங்கியிருந்தால் முழுக்கச் சலவைச் சோடாவாக மாறிவிட்டது என்று பொருள். எடை இறங்கவில்லையென்றால் இன்னும் அரை மணி நேரம் வையுங்கள். இதில் 40 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் முன் அடுப்பைக் குறைத்து, ப்ரெட்சலை 30 விநாடி நனைத்தெடுங்கள். இதற்கும் கையுறை வேண்டும். நிறம் நன்றாக வரும், மணம் முக்கால் பங்கு வரும். வாட்டாத ஆப்ப சோடாவின் காரம் மிகக் குறைவு; எவ்வளவு போட்டாலும் பிஸ்கட் நிறத்தோடு நின்றுவிடும்.

உப்பை ஈரம் இருக்கும்போதே தூவிவிட வேண்டும், இரண்டு நிமிடம் தாமதித்தாலும் ஒட்டாது. கல் உப்பை அப்படியே போட்டால் பல்லில் கல்லாக மாட்டும். வாணலியில் ஈரம் போக வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்து, டீ வடிகட்டியில் தூளைச் சலித்து நீக்கிவிட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். இரண்டு ப்ரெட்சலை மட்டும் உப்பில்லாமல் விட்டுவையுங்கள். எடை பார்க்க அவை தேவைப்படும்.

சுடுவதும் உலர்த்துவதும்

ஓவனை 230 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் 9 முதல் 11 நிமிடம். பட்டர் பேப்பர் பல சமயம் அடியோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது செம்பழுப்பாக, தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நிறம் போதாவிட்டால் பிறகு வராது.

இப்போது ஓவனை 110 டிகிரிக்கு இறக்குங்கள். கதவைத் திறந்துவிட்டு வெப்பமானியில் உறுதி செய்துகொள்ளுங்கள், குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ப்ரெட்சல்களை ஒன்றோடொன்று இடிக்காமல் கம்பித் தட்டில் அடுக்கி, மின்விசிறி இருந்தால் போட்டு, 75 முதல் 90 நிமிடம் காயவையுங்கள். நீராவி போக இடம் வேண்டும் என்பதால் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவையுங்கள்.

எப்போது போதும் என்பதற்குக் கடிகாரத்தைவிடத் தராசு நம்பகமானது. 25 கிராம் மாவில் மாவுப்பொருள், எண்ணெய், உப்பு என்று காய்ந்தது மட்டும் 15 கிராம் சொச்சம். உப்பில்லாமல் விட்ட அந்த இரண்டும் 16 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈரம் ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது. 17இல் நின்றால் இன்னும் கால் மணி நேரம். தராசு இல்லாதவர்கள் ஒன்றை முடிச்சில் உடைத்துப் பாருங்கள். கடைசியாகக் காயும் இடம் அதுதான்.

முடிந்ததும் வெளியே எடுத்து ஃபேனுக்கு அடியில் வைக்கவே கூடாது. ஓவனை அணைத்து, கதவைப் பாதி திறந்து, உள்ளேயே ஆறட்டும். ஓரம் காய்ந்தும் நடுவில் சற்று ஈரமும் இருக்கும்போது திடீரென்று குளிர்ந்தால், நடுவின் ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகர, ஓரம் விரிந்து நடு சுருங்கி, மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ டப்பாவைத் திறந்தால் பாதி உடைந்து கிடக்கும். பிஸ்கட் ஆலைகளுக்கும் இதே தொல்லை உண்டு.

சரியாக வராதபோது

நடு இழுத்தால் கயிறு தடித்திருக்கும் அல்லது உலர்த்தல் குறைந்திருக்கும். மறுபடி 110 டிகிரியில் வைத்தால் சரியாகிவிடும். கல்லாகக் கெட்டித்திருந்தால் மாவு போதுமாகப் பொங்கவில்லை, இதற்கு மருந்தில்லை. திட்டுத்திட்டாக நிறம் வந்தால் மேலே ஒட்டிய உலர் மாவு காரணம். மேலே பெரிய கொப்புளம் எழும்பினால் பொங்கியது அதிகம். நனைத்த பிறகு ஊசியால் நாலு இடத்தில் குத்திவிடலாம்.

கடற்கரை ஊர்களில் இரண்டு மணி நேரம் திறந்திருந்தாலே நமத்துவிடும். முழுக்க ஆறிய பிறகு இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டால் மூன்று வாரம் தாங்கும். நமத்தால் 110 டிகிரியில் 15 நிமிடம்.

உடைந்தவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். பென்சில்வேனியா ஜெர்மானிய வீடுகளில் ப்ரெட்சல் துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டு, வெண்ணெய் சேர்த்து, சூடான பாலை ஊற்றி உடனே சாப்பிடுவார்கள். ஊறவிட்டால் கூழாகிவிடும். இன்னொரு வழி, ஸ்னைடர்ஸ் பொட்டலங்களில் விற்கும் மசாலாத் துண்டுகள் போலச் செய்வது: 200 கிராம் துண்டுக்கு 40 கிராம் உருக்கிய வெண்ணெய், 15 கிராம் தேன், 2 தேக்கரண்டி கடுகுப் பொடி, 1 தேக்கரண்டி வெங்காயப் பொடி. புரட்டி 120 டிகிரியில் 20 நிமிடம், பாதியில் ஒருமுறை கிளறுங்கள். தேன் இருப்பதால் ஓவனிலிருந்து எடுக்கும்போது பிசுபிசுக்கும். ஆறினால் மொறுமொறுவென்று ஆகிவிடும், அதுவரை டப்பாவை மூட வேண்டாம்.