சில்லு பெயாரிங் இரைச்சல்: வீட்டில் கழற்றி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் காருக்குள் ‘ஊஊ’ என்று ஒரு இரைச்சல் தொடங்கும். வேகம் கூடக் கூட அதுவும் தடித்து உறுமலாகும். உடனே பெயாரிங் (சில்லு உராயாமல் சுழல உதவும் குண்டு வளையம்) வாங்க ஓடுவதுதான் முதல் தவறு. தேய்ந்த டயரும் அச்சொட்டாக அதே சத்தத்தைத் தரும்.

டயர் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் பட்டால், அல்லது இடையிடையே பள்ளம் விழுந்திருந்தால், சத்தம் பெரும்பாலும் டயருடையது. கார்ப்பட் ரோட்டிலிருந்து சல்லி பெயர்ந்த பழைய தார் ரோட்டில் ஏறும்போது தொனி மாறினாலும் டயர்தான். பழுதான பெயாரிங் ரோட்டைப் பொருட்படுத்தாது. சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப்போட்டு ஒருமுறை ஓடிப் பாருங்கள். சத்தம் இடம் மாறினால் பெயாரிங்கைத் தொட வேண்டாம். ஓடும்போது கியரை நியூட்ரலுக்கு எடுத்தும் சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சின் காரணமல்ல. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் அது அக்சிலின் வளையும் மூட்டான சிவி ஜொயின்ற். பிரேக் பிடித்தவுடன் நிற்கும் கீச்சொலி தேய்ந்த பிரேக் பாட். டிஸ்கிற்குப் பின்னாலுள்ள தகட்டில் சிறு கல் சிக்கினாலும் உரசல் கேட்கும். பயமுறுத்தும் சத்தம், ஆனால் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்.

எந்தப் பக்கம் என்பதில் பலர் வழுக்குகிறார்கள். சத்தம் காரின் உடம்பு வழியே பரவுவதால் காது ஏமாற்றும். இடப்பக்கம் திருப்பும்போது காரின் பாரம் வலச் சில்லுகளில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகியுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம். நமது கிழக்கிலங்கைக் கரையோர ரோட்டில் வளைவுகள் குறைவு. ஆகவே திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் வாகனமில்லாத நேரான துண்டு ஒன்றில் 50 கிலோமீற்றர் வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பார்க்கலாம். இது பெரும்பாலும் சரியாகவே சொல்லும், எப்போதும் அல்ல. எனவே சில்லைத் தூக்கியும் பார்க்க வேண்டும்.

தூக்குவதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோர வளவுகள் எல்லாம் மணல். ஜக்கின் அடி மணலில் புதைந்து சரியும். கீழே இரண்டு அங்குலத் தடிப்பும் ஓரடி அகலமும் உள்ள பலகை வையுங்கள், மற்றச் சில்லுகளுக்கு முட்டுக் கொடுங்கள், தூக்கியதும் காரை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஸ்டாண்ட் இல்லையென்று சிமெந்துப் புளொக் கல்லை அடுக்குவது பெரும் பிழை. அந்தக் கல் எச்சரிக்கை தராமலே நொறுங்கும்.

இனி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் பெயாரிங். போகாவிட்டால், சில்லைத் தாங்கும் குண்டு மூட்டான ‘போல் ஜொயின்ற்’ முதலிய வேறொன்று. இடம் வலமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் முனையைப் பாருங்கள். இங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது: ‘ஆட்டமே இல்லை, ஆகவே பெயாரிங் நல்லது’ என்ற முடிவு. இப்போதைய கார்களில் உள்ள இரட்டை வரிசைப் பெயாரிங் உள்ளே குண்டு ஓடும் பாதை உரிந்து உறுமினாலும் துளியும் ஆடாமல் நிற்கும். ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லைச் சுழற்றுங்கள். நல்ல பெயாரிங்கில் ஒன்றும் தெரியாது. பழுதானதில் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரல்களுக்கு வரும். மறுபக்கச் சில்லோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

மாரியில் கிட்டங்கித் தாம்போதி போன்ற இடங்களில் தண்ணீருக்குள்ளால் ஓடிய காரென்றால் இன்னும் கவனம் தேவை. ஓடிச் சூடேறிய ஹப் (சில்லு பூட்டப்படும் நடுப்பகுதி) திடீரெனத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். பெயாரிங்கை மூடியிருக்கும் சீலின் விளிம்பு வழியே நீரும் சேறும் உள்ளே இழுபடும். சத்தம் அன்றைக்கே வராது, துரு பிடித்த பிறகே தொடங்கும்.

பெயாரிங் வாங்குமுன் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஹப்போடு சேர்ந்து நாலு போல்ட்டில் பூட்டும் வகை வீட்டிலேயே முடியக்கூடிய வேலை. நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பகுதி) அழுத்திப் புகுத்தும் வகைக்குப் பிரஸ் எனும் அழுத்தும் இயந்திரம் வேண்டும். பழைய வான்களிலும் ட்ரெயிலர்களிலும் கூம்பு உருளைப் பெயாரிங் இருக்கும். அதன் முறையே வேறு. பழைய பெயாரிங்கின் வளையத்தில் பொறித்த இலக்கத்தைப் புதியதோடு ஒப்பிடுங்கள். கோயோ, என்.எஸ்.கே., என்.டி.என். பெயர்களில் போலிகள் உண்டு. அச்சு மங்கிய பெட்டி, வளையத்தில் இலக்கமே இல்லாத பெயாரிங் என்றால் மலிவானாலும் வேண்டாம். கழற்றிய பழைய ஹப்பையும் வாங்காதீர்கள். வெளித்தோற்றம் அதன் உள்ளே ஓடிய தூரத்தைச் சொல்லாது.

கழற்றுவதில் உப்புக் காற்றின் வேலை தெரியும். முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்கும் நக்கிள் விளிம்புக்கும் துரு இளக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். அக்சில் (சில்லைச் சுழற்றும் தண்டு) நட்டின் மடித்த உதட்டை உளியால் நிமிர்த்தாமல் ஸ்பெனரைப் போட்டால் அக்சிலின் மரை அழியும். நட்டை இளக்க இன்னொருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இளக்கிய நட்டோடு காரை ஓரடி கூட உருட்டாதீர்கள். இறுக்கமில்லாத பெயாரிங் காரின் பாரத்தில் கெட்டுவிடும். பிரேக் பாட்களை அழுத்தும் கலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். அக்சில் நுனியில் இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் அது காளான் போல விரியும்; நட்டை நுனிமட்டத்துக்குத் திருகி, நடுவில் மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சர் துருப்பிடித்து இறுகியிருந்தால் நெம்ப வேண்டாம், உடையும். மேல்முனையில் வயரைக் கழற்றி நக்கிளோடு சேர்த்தே எடுக்கலாம். ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் போல்ட்டுகளைக் கழற்றுமுன் அவற்றின் இடத்தை உளியால் கீறி அடையாளமிடாவிட்டால் சில்லின் சாய்வு மாறி டயர் ஒருபக்கம் தேயும்.

புதிய பெயாரிங்குகள் அதிகம் சாவது புகுத்தும்போதுதான். காரணம் எளிது. பெயாரிங்கில் ஒரு வெளி வளையம், ஒரு உள் வளையம், நடுவில் குண்டுகள். நக்கிளுக்குள் புகுத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பிறகு ஹப்பைப் புகுத்தும்போது பின்புறத்தில் உள் வளையத்துக்கு மட்டும் தாங்கு கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியே பாய்ந்து, அவை ஓடும் பாதையில் கண்ணுக்கு எட்டாத குழிகள் விழும். சில நூறு கிலோமீற்றரில் பழைய சத்தமே திரும்ப வரும்; பழி பெயாரிங் கொம்பனிக்குப் போகும். சுத்தியலால் அடித்துப் புகுத்துவதும் இதே கேடுதான். பிரஸ் இல்லாதவர்கள் நக்கிளை வீட்டில் கழற்றி, அதைப் புதிய பெயாரிங்கோடு லேத் கடைக்குக் கொண்டுபோவதே புத்தி. அங்கே எந்த வளையத்தில் அழுத்துகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஹப்பை அழுத்தி வெளியே எடுக்கும்போது பழைய பெயாரிங் பெரும்பாலும் பிளந்து, உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே ஒட்டி நிற்கும். ஆகவே ‘கழற்றிப் பார்த்துவிட்டு நல்லதென்றால் திரும்பப் போடலாம்’ என்பது நடக்காது. ஒட்டிய பாதியைக் கிரைண்டரால் முக்கால் ஆழத்துக்கு வெட்டி, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் வெடித்துக் கழரும். ஹப்பில் வெட்டு விழுந்தால் ஹப்பும் போய்விடும். நக்கிளின் துளையைத் துரு நீங்கத் துடையுங்கள், ஆனால் உலோகம் தேய அரத்தாள் போடாதீர்கள். பெயாரிங் நழுவாமல் தடுக்கும் வளையமான சேர்கிளிப்பை மறக்க வேண்டாம். அது தன் பள்ளத்தில் முழுதாக விழுந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏ.பி.எஸ். உள்ள பல கார்களில் பெயாரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சென்சரை நோக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எல்லாம் பூட்டிய பின்தான் டாஷ்போர்ட்டில் விளக்கு எரியும். திரும்பக் கழற்றினால் புதுப் பெயாரிங்கும் வீண். காகிதக் கிளிப்பை மெதுவாகக் கிட்டக் கொண்டுபோங்கள், ஒட்டும் பக்கம்தான் அது. ஸ்பீக்கர் காந்தத்தின் அருகே இந்தப் பெயாரிங்கை வைக்கக் கூடாது.

சீல் பூட்டி வரும் பெயாரிங்கைத் திறந்து கிரீஸ் அடைக்க வேண்டியதில்லை. கூம்பு உருளை வகைக்கு மட்டும் உருளைகளுக்குள் கிரீஸ் புகும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். அதில் உருளையையும் வெளிக் கிண்ணத்தையும் சோடியாகவே மாற்ற வேண்டும். நட்டைச் சில்லைச் சுழற்றியபடி இறுக்கி, இளக்கி, பிறகு விரலிறுக்கத்தில் நிறுத்தி, நட் கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைச் செருகுங்கள். அதிகம் இறுக்கினால் சூடேறி எரியும்.

காரின் அக்சில் நட் நேர்மாறு. அதற்கு உறுதியான இறுக்கம் வேண்டும். பல டொயோட்டா கார்களுக்கு 216 நியூட்டன் மீற்றர், சுசுகி சிறு கார்கள் பலவற்றுக்கு 175. உங்கள் மொடலின் கைந்நூல் சொல்வதே முடிவு. ஒரு மீற்றர் நீளமான கிடைப்பிடியின் நுனியில் 22 கிலோ தொங்குவதுதான் 216. காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று அடித்துவிட்டால் அளவு தெரியாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது இறுக்குங்கள். புதிய நட் போட்டு, உதட்டைத் திரும்ப மடிக்கவும்.

காரை எடுக்குமுன் பிரேக்கைப் பத்துத் தரம் மிதித்து மிதி கெட்டியாவதை உறுதிசெய்யுங்கள். கலிப்பரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதி தரைக்குப் போய்விடும். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்த்து, இரண்டு பக்க ஹப்புகளின் சூட்டையும் கையைக் கிட்ட வைத்து ஒப்பிடுங்கள். மாற்றிய பக்கம் மட்டும் கொதித்தால் மறுபடி ஓட வேண்டாம். கலிப்பர் இறுகி நிற்கிறதா, பெயாரிங் நேராக அமர்ந்ததா என்று அன்றைக்கே கழற்றிப் பார்க்க வேண்டும்.