உடைந்தது வேறு, உடைத்தேன் வேறு

பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்த்துவிட்டு ஸ்பெயினுக்குக் கிளம்பும் பையன்கள் மூன்று பேர், மாலை வேளைகளில் பெருமாள்புரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். "நான்தான் வீட்டுக்காரன். உங்கள் குளியலறைக் குழாய் உடைந்துவிட்டது. ஸ்பானியத்தில் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன் போன வாரம். மூவரும் ஒரே குழியில் விழுந்தார்கள். அது என் பழைய குழி. பாம்ப்லோனா நகரில் அதில் விழுந்து, அட்வான்ஸில் பாதியைப் பறிகொடுத்துவிட்டு எழுந்தவன் நான்.

ஆண்பால் பெண்பால் மாறுவது, வினைச்சொல்லின் வால் தப்பிப் போவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அந்தத் தவறுகளோடும் குழாய் சரியாகிவிடும்.

நீங்களே குற்றத்தை ஒப்புக்கொள்வது

அங்கே போன முதல் குளிர்காலத்தில், ஒரு காலையில் கொதிகலன் அணைந்துவிட்டது. 'கால்தேரா' என்பார்கள், வெந்நீருக்கும் அதுதான், வீட்டுச் சூட்டுக்கும் அதுதான். மார்கழியில் குறுக்குத்துறையில் முங்கிக் குளித்தவன் என்ற மிதப்பில் குழாயைத் திறந்தேன். விரல்கள் மரத்துப் போயின. பதறி, வீட்டுக்கார அம்மாளுக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஏ ரோத்தோ லா கால்தேரா.'

கொதிகலன் கெட்டுவிட்டது என்று சொன்னதாக என் நினைப்பு. நான் எழுதியதோ, 'கொதிகலனை உடைத்துவிட்டேன்.' எழுதியிருக்க வேண்டியது: 'சே ஆ ரோத்தோ லா கால்தேரா.'

ஆங்கிலத்தில் யோசித்ததால் வந்த வினை இது. அந்த மொழியில் கண்ணாடி தானாக உடைந்தாலும் நான் உடைத்தாலும் வினைச்சொல் ஒன்றே. தமிழில் அப்படியா? உடைந்தது, உடைத்தேன். நடுவில் ஒரு மெய்யெழுத்து மாறினால் பழி இடம் மாறிவிடுகிறது. இதே வேலையை ஸ்பானியத்தில் 'சே' செய்கிறது. கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, டம்ளர் உடைந்துவிட்டது" என்று சொல்லும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இலக்கணம், பொறியியல் படித்த எனக்கு அன்று மறந்துபோயிற்று. அந்தப் பிள்ளைக்கென்றே ஸ்பானியத்தில் இன்னொரு வாக்கியமும் உண்டு: 'சே மே ஆ ரோத்தோ.' என் கையில் இருக்கும்போதுதான் உடைந்தது, ஆனால் நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று பொருள்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஸ்பெயினின் 1994ஆம் ஆண்டு நகர வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வீடு குடியிருக்கத் தக்கதாக இருப்பதற்கான பழுதுகளை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். வாடகையையும் அதற்காக ஏற்றக் கூடாது. குடியிருப்பவரால் வந்த சேதம் அவர் தலையில். அன்றாடப் புழக்கத்தில் தேயும் சில்லறைப் பழுதுகளும் குடியிருப்பவருக்கே. அதனால் வீட்டுக்காரர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, யார் உடைத்தது என்பது. அதற்கு நானே பதில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. இரண்டே நாளில் ஆள் வந்தார், ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார், வெந்நீர் வந்தது. காலி செய்த அன்றுதான் கணக்கு வந்தது. 'ஃபியான்சா' என்னும் அட்வான்ஸ் அங்கே சட்டப்படி ஒரு மாத வாடகை. அதில் பாதி இல்லை. "நீங்கள்தானே உடைத்ததாக எழுதினீர்கள்?" இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. அந்த அம்மாள் மேல் இல்லை.

வேலை செய்யவில்லை

இங்கே தமிழே காலை வாரும். ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்பதை அப்படியே 'நோ த்ரபாஹா' என்றால், ஃபிரிட்ஜ் வேலைக்குப் போவதில்லை என்று ஆகும். 'நோ ஃபுன்சியோனா' என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒழுக விடுவது

நமக்குக் கூரையும் ஒழுகும், குழாயும் ஒழுகும். அங்கே குழாய் சொட்டினால் 'எல் கிரிஃபோ கோத்தேயா'. மேற்கூரையிலிருந்து சொட்டினால் 'கோத்தேரா'. சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவென்றால் 'ஃபூகா'. கேஸ் கசிவுக்கும் ஃபூகாதான். அதற்கு வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருக்காமல் வெளியே வந்து 112ஐ அழையுங்கள். சொட்டுகிறது என்று சொல்லி வைத்தால், ஒரு வாஷர் வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சுவருக்குள் கசிவது மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

குழாயில் 'சி' எழுத்து

ஆங்கிலத்தின் 'கோல்ட்' இல்லை, சூடு. 'காலியெந்தே'.

மெக்சிகோவின் ஸ்பானியம்

பல செயலிகள் லத்தீன் அமெரிக்கச் சொற்களையே கற்றுத் தருகின்றன. பிளம்பர் மெக்சிகோவில் 'ப்ளொமேரோ', ஸ்பெயினில் 'ஃபொந்தனேரோ'. போகிற ஊரின் சொல்லைப் படியுங்கள்.

மூன்றாம் மாடி என்று நிறுத்திக்கொள்வது

அந்த மாடியில் இடது வீடா, வலது வீடா என்றும் சொல்லுங்கள். இடது 'இஸ்கியெர்தா', வலது 'தெரேச்சா'. சொல்லாவிட்டால் பிளம்பர் எதிர்வீட்டு மணியை அடிப்பார்.

வாயால் மட்டும் சொல்வது

பழுதைக் கூடிய விரைவில் தெரிவிக்கும் கடமை குடியிருப்பவருக்கு உண்டு என்று அதே 21ஆம் பிரிவு சொல்கிறது. தொலைபேசியில் தெரிவித்ததற்குச் சாட்சி இல்லை. எழுதி அனுப்புங்கள்; அனுப்பும் முன் 'சே' இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அம்மாள் பதினான்கு மாதங்கள் கழித்தும் என் செய்தியைத் தேதியோடு எடுத்துக் காட்டினார்.