கோலாலம்பூர் வீட்டை விற்கும் மண்ணடிக்காரர் கட்ட வேண்டிய வரி

மலேசியாவில் பல்லாண்டு வேலை பார்த்துவிட்டு மண்ணடிக்கும் இராயபுரத்துக்கும் திரும்பியவர்கள், அங்கே வாங்கிய அடுக்குமாடி வீட்டை விற்க முனையும்போது முதலில் கேட்பது வரி எவ்வளவு என்பதைத்தான். விற்கும் நிதியாண்டில் இந்திய வருமான வரிச் சட்டம் தம்மை எந்த வகையினராகக் கொள்கிறது என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டதால், பழைய எண்களை நம்பித் தேட வேண்டாம்.)

முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் தங்கியது மொத்தம் 729 நாட்களைத் தாண்டாதிருந்தாலோ, ஊர் திரும்பிய பிறகும் ஒருவர் ஆடிட்டர்கள் ‘ஆர்.என்.ஓ.ஆர்.’ (இந்தியாவில் வசித்தாலும் வழக்கமான வசிப்பாளர் அல்லாதவர்) என்று குறிப்பிடும் வகையில் வருவார். அவர் வெளிநாட்டு வீட்டை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் பணம் முதலில் அவருடைய மலேசிய வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். வாங்குபவர் நேரே சென்னைக் கணக்குக்கு அனுப்பினால், அது இந்தியாவில் பெற்ற வருமானமாகி வரிக்குள் வந்துவிடும். அண்மையில் திரும்பியவர்கள் இந்தத் தகுதி முடிவதற்குள் விற்பதே நல்லது.

அந்தத் தகுதி முடிந்தவர் உலகில் எங்கே ஈட்டினாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். மலேசியாவும் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர் வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடும், ஆறாம் ஆண்டு முதல் 10 விழுக்காடும் அங்கே வரி. வாங்குபவர் தரப்பு விலையில் 7 விழுக்காட்டைப் பிடித்து அங்குள்ள வரி வாரியத்தில் செலுத்தும். விற்றவர் 60 நாட்களுக்குள் கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம்.

இந்தியாவில், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு, 4 விழுக்காடு செஸ் சேர்ந்து 13 ஆகும். மொத்த வருமானம் 50 இலட்சத்தைக் கடந்தால் கூடுதல் வரியும் உண்டு. ரிங்கிட்டில் வந்த ஆதாயத்தை, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கி அறிவித்த டி.டி. (தந்திவழிப் பணமாற்று) வாங்கும் விலையில் ரூபாயாக்க வேண்டும். அங்கே கட்டிய வரியை இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி இதில் கழித்துக்கொள்ளலாம். அதற்கான தனிப் படிவத்தையும் மலேசிய ரசீதையும் வருமான வரிக் கணக்கோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். இரு நாட்டிலும் ஆதாயத் தொகை ஒன்றாகவே அமைந்து, அங்கே 10 விழுக்காடு கட்டியிருந்தால், இங்கே மிஞ்சுவது ஏறத்தாழ மூன்றுதான். சிங்கப்பூரில் வீட்டை விற்று, அங்கே மூலதன ஆதாய வரி இல்லை என்று மகிழ்பவருக்குக் கழிக்க எதுவும் இராது. முழுப் 13-ஐயும் இங்கே கட்ட வேண்டியதுதான். விற்ற பின் வரும் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) தவணையிலேயே செலுத்தாவிட்டால் வட்டி ஏறும்.

விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் பெரம்பூரில் ஒரு வீடு வாங்கினால் ஆதாயத்துக்கு விலக்குக் கேட்கலாம். புதிய வீடு இந்தியாவில் இருந்தால் போதும். ஆனால் இங்குள்ள வரி பூஜ்யமானால் மலேசிய வரியைக் கழிக்க இடமிருக்காது, அது திரும்பியும் வராது. ஆதாயத்தில் மூன்று விழுக்காட்டை மிச்சப்படுத்துவதற்காக, வீட்டின் மதிப்பில் 9 விழுக்காட்டை முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை; குடியிருக்க உண்மையிலேயே வீடு தேவைப்படுபவருக்கே இந்த வழி பொருந்தும்.

வருமான வரிக் கணக்கில் உள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்.என்.ஓ.ஆர். தகுதி முடிந்தவர் அதை ஆண்டுதோறும், நிதியாண்டுக்கு அல்லாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு நிரப்ப வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 இலட்சத்துக்கு உட்பட்ட சிறிய சொத்துகளுக்குத் தரப்பட்ட சலுகை வீடு, நிலத்துக்குப் பொருந்தாது. விற்பனைப் பணம் விழுந்த மலேசிய வங்கிக் கணக்கையும் அதே அட்டவணையில் காட்ட வேண்டும்.