பழைய காரில் பிரேக் சில நேரம் மட்டும் பிடிக்கவில்லையா? கண்டுபிடிப்பது இப்படி

எங்கள் பழைய மாருதி 800-இல் கொல்லிமலை இறங்கிக்கொண்டிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம், பெடல் திடீரென்று தரை வரை போய்விட்டது. நாலைந்து முறை வேகமாக மிதித்த பிறகுதான் பிடித்தது. அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. மறுநாள் பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். விட்டு விட்டு வரும் கோளாறு இப்படித்தான் ஏமாற்றும். ஒரு முறை பெடல் இறங்கினாலும், காரணம் தெரியும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

1. எப்போது நடந்தது?

முதலில் இதை ஒரு தாளில் எழுதுங்கள். மலை இறக்கத்திலா, காலையில் முதல் மிதியிலா, சிக்னலில் நிற்கும்போதா, தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். தண்ணீருக்குப் பிறகு மட்டும் என்றால் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) நனைந்திருக்கும். நாலு மிதியில் காய்ந்து சரியாகும்.

2. பிரேக் ஆயில்

டப்பா மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் டீ டிகாஷன் மாதிரி இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 தர பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், அதனால் பெடல் தரைக்குப் போகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் ஆயிலாகிவிடும், கோளாறும் மறைந்துவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிவிடும்.

ஆயில் அளவு குறைந்திருந்தால் நாலு சக்கரங்களின் உட்பக்கமும் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு தெரிந்தால் அங்கே கசிகிறது. எங்குமே ஈரம் இல்லையென்றால், பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) உள்ள வண்டியில் ஆயில் அதற்குள் இறங்கியிருக்கலாம்.

3. மெதுவாக மிதித்துப் பிடிப்பது

பலர் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால், ஓங்கி மிதிக்கும்போது அழுத்தத்தில் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். லேசாக மிதிக்கும்போதுதான் ஆயில் ஓரமாக நழுவும். அதனால் இன்ஜினை ஓடவிட்டு, சிக்னலில் நிற்பது போல லேசாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர்தான். பழைய வண்டிக்கு வாஷர் கிட் மட்டும் போடுவதைவிட முழு சிலிண்டரையே மாற்றுவது நல்லது.

4. பம்ப் பண்ணினால் பெடல் மேலே வருகிறதா?

பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் ஏர் இருக்கிறது. அப்படி அமுங்காமல் கீழே போய்க் கெட்டியாக நின்றால், பின் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் கட்டை) டிரம்மிலிருந்து விலகியிருக்கும்; அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

5. பெடல் கல் மாதிரி இருக்கிறதா?

இன்ஜினை அணைத்து ஐந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் இன்ஜினிலிருந்து அதற்கு வரும் வேக்கம் ஓஸை (காற்றை உறிஞ்சும் குழாயை) பாருங்கள்.

கடைசியாக லைனிலிருந்து ஏரை வெளியே எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய சிலிண்டரில் வாஷர் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் நல்ல வாஷரும் அதில் கிழிந்துவிடும். அப்புறம் காலி மைதானத்தில், நடக்கிற வேகத்தில், ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தபடி ஓட்டிப் பாருங்கள்.