வெள்ளி டிரெஸ்ஸிங்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பெரியம்மாவுக்கு உள்ளங்காலில் சர்க்கரைப் புண். ஆறவே இல்லை, நீர் வேறு அதிகமாக வடிந்தது. கிருமி பெருகியிருக்கிறது என்று பலதுறை மருந்தகத்தில் தாதி வெள்ளி டிரெஸ்ஸிங் (கிருமியைக் கொல்ல வெள்ளி உலோகம் சேர்த்த புண்கட்டு) போட்டுவிட்டார். மூன்றாம் நாள் வீட்டில் பிரித்தால் புண்ணைச் சுற்றித் தோலெல்லாம் சாம்பலும் கறுப்புமாக இருக்க, "ஐயோ, அழுகிப்போச்சு" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் நான் அவரை டாக்சியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அது வெள்ளி விட்ட கறைதான், கழுவக் கழுவப் போய்விடும் என்றார் தாதி. அதற்காகக் கறுப்பெல்லாம் கறை என்று இருந்துவிடக் கூடாது. கழுவியும் போகாமல் நாற்றமோ வலியோ கூடினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

எங்கள் பெரிய தவறு அதற்குப் பிறகுதான். புண் சுத்தமாகிச் சிவந்து, புதுச் சதை வளர ஆரம்பித்த பிறகும், பெட்டியில் நாலு மிச்சம் இருக்கிறதே, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று வெள்ளியையே போட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளி கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். சதையை வளர்க்கிற மருந்து அது இல்லை. கிருமித் தொல்லை இல்லாத சர்க்கரைப் புண்ணுக்கு, சீக்கிரம் ஆறட்டும் என்பதற்காக மட்டும் வெள்ளி போட வேண்டாம் என்றுதான் நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டு வழிகாட்டியும் 2023இல் சொன்னது. இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, புண் தேறிக் கிருமித் தொல்லையும் அடங்கியிருந்தால் சாதாரண டிரெஸ்ஸிங்குக்கு மாற வேண்டும், தேறவில்லை என்றால் டாக்டர் சிகிச்சையையே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது 2012இலேயே நிபுணர்கள் கூடிச் சொன்ன கணக்கு.

அப்புறம் இந்த உப்புநீர் விஷயம். புண்ணைச் சலைனில் கழுவுவது சரி. ஆனால் அக்டிகோட் என்ற பெயரில் விற்கிற வெள்ளி டிரெஸ்ஸிங் போன்ற வகையைப் போடுமுன் நனைக்கக் கிருமிநீக்கிய தண்ணீர்தான் வேண்டும். சலைனில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புண்ணுக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். மெத்தென்று இருக்கும் ஃபோம் வகைக்கு நனைக்கிற வேலையே இல்லை, அதனால் உறையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அடியில் வாஸ்லினோ களிம்போ தடவினாலும் இதே கதிதான். நம் வீடுகளில் மஞ்சள்தூள் வைக்கிற பெரியவர்களை நீங்கள்தான் பேசிச் சமாளிக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால், வெள்ளி போட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில வகைகளைக் கழற்றிவிட்டுத்தான் எடுப்பார்கள்.

உள்ளங்கால் புண் என்றால் அதன்மேல் பாரம் விழக் கூடாது. எவ்வளவு விலையுயர்ந்த டிரெஸ்ஸிங் போட்டாலும் அதே காலை ஊன்றித் தேக்கா சந்தைக்கு நடந்தால் புண் எங்கே ஆறும்? பெரியம்மா கேட்கவில்லை. பாத நிபுணர் புண்மேல் பாரம் விழாமல் காக்கும் சிறப்புக் காலணி கொடுத்தார். அதையும் வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடந்தார்.

சிவப்பு புண்ணைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, புது டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். அப்போது உடம்புக்குள் போகிற ஆன்டிபயாட்டிக் வேண்டும், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.