கங்கு திரி: பருத்திக் கயிறும் சாம்பல் தண்ணியும்

பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிறு தெரியுமல்லவா, அதன் பங்காளிதான் கங்கு திரி. சுடர் விடாது, லேசில் அணையாது, கங்கு மட்டும் மெல்ல நகரும். பழைய திரித் துப்பாக்கியில் இதைக் குதிரை எனப்படும் வளைந்த இரும்புக் கையின் கவ்வில் மாட்டி விசையை அழுத்தினால், பற்றுவாய் (குழலுக்குள் நெருப்பு போகும் துளை) ஓரக் கிண்ணியில் உள்ள வெடிமருந்தில் கங்கு இறங்கும். பள்ளிக் கண்காட்சியில் சங்ககிரிக் கோட்டை மாதிரி வைப்பவர்கள் மருந்தே இல்லாமல் திரியை மட்டும் எரித்துக் காட்டலாம்.

8 மில்லிமீட்டர் தடிமனில் இறுக முறுக்கிய பருத்திக் கயிறு 5 மீட்டர் போதும். ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியாகத் திரண்டால் அது பாலியஸ்டர். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. நடுவில் நைலான் வைத்துப் பின்னியதும் உண்டு, அறுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

பலர் தவறுவது அடுத்த வேலையில்தான். புதுக் கயிற்றில் கஞ்சியும் பருத்தியின் மெழுகும் இருக்கும், அது போகாமல் எந்தக் கரைசலும் உள்ளே இறங்காது. 3 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் பழுப்பாகும். தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

பிறகு சாம்பல் தண்ணி. தென்னை மட்டை எரித்த சாம்பலைச் சலித்து 1 கிலோ எடுத்து, 3 லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் வடியுங்கள். இது காரம், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும், எவர்சில்வர் வையுங்கள். கயிற்றை அதில் ஒரு மணி நேரம் சிறுதீயில் வேகவிட்டு, மறுநாள் காலைவரை ஊறவையுங்கள்.

சாம்பலில் உள்ள பொட்டாசியம்தான் பருத்தியைச் சுடர் விடாமல் கங்காகவே எரிய வைக்கிறது. அந்தக் காலத்தில் வெடியுப்பிலும் ஊறவைத்தார்கள். அது கூடிப்போனால் திரி சீறிப் பொறி தெறிக்கும். காட்டுவதற்குச் சாம்பல் தண்ணியே நல்லது.

கயிற்றைப் பிழிந்து, ஒரு முனையில் கல் கட்டி, விறைப்பாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். தொய்ந்து காய்ந்தால் முறுக்கு தளர்ந்து கங்கு அணையும். சாம்பல் உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் இது காயவே காயாது. சேலத்து வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டு மேலே கொண்டுபோங்கள்.

பற்றவைத்து ஊதினால் நுனி கூம்பாகச் சிவக்க வேண்டும். 10 நிமிடத்தில் 5 சென்டிமீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய ஓரடி நகர்ந்தால் சரியான திரி. வேகமாகப் போனால் தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். நடுவில் அணைந்தால் ஈரமாக இருக்கும், இல்லை கயிறு சரியாக வெந்திருக்காது. சாம்பல் மூடினாலும் மங்கும், அவ்வப்போது ஊதிவிடுங்கள்.

மிதித்து அணைக்காதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கங்குக்கு ஒரு விரல்கடை கீழே வெட்டி, வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டு, மிச்சக் கயிற்றை அரை மணி நேரம் கண்ணெதிரே வைத்திருங்கள். மாசி முதல் வைகாசி வரை சேர்வராயன் மலையில் புல் காய்ந்து கிடக்கும். அப்போது வெளியில் கொளுத்தவே வேண்டாம்.