சர்வர் அப்டேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஃபர்ம்வேர், டிரைவர், ஓஎஸ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்

வடசென்னையில் ராஜாஜி சாலை கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், மாதவரம் குடோன், மணலி பட்டறை, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு என்று எங்கே போனாலும் கணக்கு அறையின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். டேலியும் அதில்தான், ஷிப்பிங் பில் தயாரிக்கும் சாஃப்ட்வேரும் அதில்தான். சோதித்துப் பார்க்க இன்னொரு மெஷின் இருக்காது. அந்த ஒன்று படுத்துவிட்டால் கப்பலின் கட்-ஆஃப் (சரக்கு ஏற்கும் கடைசி நேரம்) நமக்காகக் காத்திருக்காது, உள்ளே வந்த பெட்டிக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதனால் சர்வர் அப்டேட்டில் வரும் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை. கார்டு, டிஸ்க், மதர்போர்டு ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் மென்பொருள் ஃபர்ம்வேர். அதோடு பேசுவது டிரைவர். டிரைவரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டுவது விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஓஎஸ். தயாரிப்பாளர்கள் இந்த மூன்றிலும் குறிப்பிட்ட பதிப்புகளைச் சேர்த்து வைத்துத்தான் சோதிக்கிறார்கள். சோதித்த சேர்க்கையைப் பட்டியலாகவும் வெளியிடுகிறார்கள். மூன்றையும் தனித்தனியாக ‘லேட்டஸ்ட்’ ஆக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தொல்லை ஆரம்பிக்கிறது. நமக்கு வேண்டியது ஒன்றாக வைத்துச் சோதிக்கப்பட்ட மூன்று. அது லேட்டஸ்டாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஹார்டுவேரைப் பார்க்காமல் ஓஎஸ் மாற்றுவது

நம் பக்கத்தில் செகண்ட் ஹேண்ட் சர்வர் அதிகம். டெல் ஆர்710 மாதிரி பழைய மெஷின்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2024 ஜூன் 30 உடன் ஆதரவு முடிந்துவிட்டது, சரி, புதிதாக ஒன்றைப் போடுவோம் என்று இறங்குகிறார்கள். இன்ஸ்டாலர் வருகிறது, ஆனால் டிஸ்க் ஒன்றுகூடத் தெரியவில்லை. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாடு) மெனுவுக்குள் போய் வால்யூமை அழித்துப் புதிதாக உருவாக்கினால், நன்றாக இருந்த டேட்டாவைத் தன் கையாலேயே அழித்ததாகிவிடும்.

உண்மையில் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரெட்ஹாட் லினக்ஸ் 8 வந்தபோது, டெல்லின் பெர்க் எச்700 உட்பட பல பழைய ரெய்டு கார்டுகளின் அடையாள எண்களை டிரைவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிரைவர் இருக்கிறது, ஆனால் அந்தக் கார்டை அடையாளம் காணாது. மெஷினில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையோடு ‘மைனஸ் என்என்’ (-nn) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ரெய்டு கார்டின் வரியில் 1000:0079 என்பது போல ஓர் எண் வரும். புதிய ஓஎஸ்ஸின் வெளியீட்டுக் குறிப்பில் ‘நீக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியல் இருக்கும். அதில் இந்த எண் இருக்கிறதா என்று தேடினால் போதும், ஐந்து நிமிட வேலை.

எண் அந்தப் பட்டியலில் இருந்தால் வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இஎல்ரெப்போ என்ற தன்னார்வலர் தளம் தனி டிரைவர் டிஸ்க் தருகிறது. ஆனால் ஒவ்வொரு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டின்போதும் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரெட்ஹாட்டோடு ஒத்துப்போகும் இலவச லினக்ஸான அல்மாலினக்ஸ் 9.4இல் இப்படி நீக்கப்பட்ட பல கார்டுகளுக்கு ஆதரவைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆதரவு ஒப்பந்தம் இல்லாமல் பழைய மெஷினை ஓட்டும் சிறிய அலுவலகத்துக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

பிராசஸரையும் பார்க்க வேண்டும். ரெட்ஹாட் 10 ஓட, இன்டெல்லின் ஹேஸ்வெல் தலைமுறை பிராசஸர் முதல் வந்த கட்டளைத் தொகுப்பு தேவை. அதற்கு முந்தைய ஜியான் இ5 வி2 பிராசஸர் இருக்கும் மெஷினில் அது ஓடாது.

கார்டு ஃபர்ம்வேரும் டிரைவரும் தனித்தனியே போவது

நெட்வொர்க் கார்டில்தான் இது அதிகம் நடக்கும். ஓஎஸ் அப்டேட்டோடு டிரைவர் தானாகவே புதிதாகிவிடும், கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் வாங்கிய நாளில் இருந்ததாகவே இருக்கும். லிங்க் விட்டு விட்டு வரும், காப்பி வேகம் காரணமில்லாமல் குறையும். கேபிளை மாற்றி, சுவிட்சை மாற்றி அலைவார்கள். லினக்ஸில் ஈத்டூல் (ethtool) கட்டளையோடு ‘மைனஸ் ஐ’ (-i) சேர்த்துப் போர்ட்டின் பெயரைக் கொடுத்தால் டிரைவரின் பெயர், அதன் பதிப்பு, ஃபர்ம்வேரின் பதிப்பு மூன்றும் அடுத்தடுத்த வரியில் வந்துவிடும். தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் அந்த மூன்றும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரே மெஷினில் பல சர்வர்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் பட்டியல் இப்போது பிராட்காம் தளத்தில் கிடைக்கிறது.

டிரைவர் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 அப்டேட் 3 சாட்சி. இன்டெல் நெட்வொர்க் கார்டுக்கான டிரைவரின் பெயர் மாறியதால், சில மெஷின்களில் பழைய பெயரில் ஒன்றும் புதிய பெயரில் ஒன்றுமாக இரண்டு டிரைவர் உட்கார்ந்துகொண்டன, அடுத்த அப்டேட் ஏறவில்லை. இதுவும் வேறு சில கோளாறுகளும் சேர்ந்து 2021 நவம்பரில் அந்த வெளியீட்டையே திரும்பப் பெற்றார்கள். திருத்திய பதிப்பு 2022 ஜனவரியில்தான் வந்தது.

பெயர் மாறும் சிக்கல் லினக்ஸிலும் உண்டு. பதிப்பு மாறும்போது ‘இஎன்எஸ்1எஃப்0’ என்றிருந்த போர்ட் சில கார்டுகளில் ‘இஎன்எஸ்1எஃப்0என்பி0’ ஆகிவிடும். ஐபி முகவரியெல்லாம் பழைய பெயரில் எழுதியிருப்பதால் சர்வர் நன்றாகவே எழுந்திருக்கும், ஆனால் நெட்வொர்க்கில் யாருக்கும் தெரியாது. அதனால் ஐடிராக் அல்லது ஐலோ (சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க அதற்குள்ளேயே இருக்கும் தனிச் சிப்) வழியாக கன்சோல், அதாவது சர்வரின் திரை, திறக்கிறதா, அதன் பாஸ்வேர்டு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பதை அப்டேட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தேவையான டிரைவர்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். நெட்வொர்க் வராத மெஷினில் உட்கார்ந்து எதையும் டவுன்லோட் செய்ய முடியாது.

‘ஓடுறதை ஏன் தொடணும்’ என்று விட்டுவிடுவது

இந்தப் பேச்சைப் பல அலுவலகங்களில் கேட்கலாம். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் டிஸ்க் ஃபர்ம்வேர் விஷயத்தில் இது ஆபத்து. 2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளரான எச்பிஇ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவர்களின் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி டிஸ்க்குகள், எச்பிடி8 என்ற பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேரில் 32,768 மணிநேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணிநேரம். டிஸ்க்கும் மீளாது, டேட்டாவும் மீளாது. 2020 மார்ச்சில், வேறு சில மாடல்கள் 40,000 மணிநேரத்தில் இதேபோல நின்றுவிடும் என்று இன்னோர் அறிவிப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ரெய்டு. ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும் என்ற கணக்கில்தான் ரெய்டு போடுகிறோம். ஆனால் ஒரே சர்வரில் டிஸ்க்குகளை ஒரே நாளில் மாட்டி ஒரே நேரத்தில் ஆன் செய்திருப்போம். மணிக்கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றாகவே ஏறும், அதனால் எல்லாம் சேர்ந்தே விழும். அங்கே ரெய்டால் ஒன்றும் செய்ய முடியாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் டிஸ்க் மாடல் எண்ணைப் போட்டு, ‘அவசரம்’ என்று குறித்த ஃபர்ம்வேர் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வந்த அன்றே போட்டுவிடுவது

இதற்கு நேர் எதிரான தவறு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் மென்பொருள்), இன்டெல்லின் பிராட்வெல், ஹேஸ்வெல் பிராசஸர்களில் மெஷினைத் தானாக ரீபூட் ஆக வைத்தது. அதைப் போட வேண்டாம் என்று அதே மாதம் இன்டெல்லே சொல்ல வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் விண்டோஸ் சர்வர் 2022 ஓடிய சில மெஷின்கள், வெளி நிறுவனங்களின் அப்டேட் கருவிகள் வழியாக, கேட்காமலேயே 2025 பதிப்புக்கு மாறிவிட்டன. அந்தப் பதிப்புக்கான லைசென்ஸ் மெஷினை வைத்திருந்த பலரிடம் இல்லை. அதனால் சர்வரில் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் பாதுகாப்பு ஓட்டையாக இருந்தால் உடனே போட வேண்டும். மற்றதற்கு இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம்.

வரிசையும் நேரமும்

பொதுவாக ஐடிராக், ஐலோ போன்ற நிர்வாகச் சிப் முதலில், அப்புறம் பயாஸ் (மதர்போர்டின் ஃபர்ம்வேர்), அப்புறம் கார்டுகளும் டிஸ்க்குகளும். பல வருடம் பின்தங்கிய ஃபர்ம்வேரிலிருந்து ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாமல் இருக்கலாம். இடையில் எந்தப் பதிப்பில் ஏறி இறங்க வேண்டும் என்பது வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும். திரும்பிப் போக முடியாத பதிப்புகளும் உண்டு, அதையும் அங்கேயே பாருங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் பயாஸைத் தொடும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

மெஷின் எழும்போது நம்பகமான மென்பொருள் மட்டும் ஓடுகிறதா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக 2011இல் மைக்ரோசாஃப்ட் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. 2023 சான்றிதழ்களுக்கு மாற, சில மெஷின்களில் முதலில் பயாஸ் அப்டேட் தேவைப்படும்.

அப்டேட் தொடங்கும் முன் எதையும் மாற்றாமல் சர்வரை ஒரு முறை ரீபூட் செய்யுங்கள். இந்த ஒரு பழக்கத்தை எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஒரு வருடமாக அணைக்காத மெஷினில் பாதியில் நிற்கும் அப்டேட்டும், எழுந்து வரத் திணறும் டிஸ்க்கும் ஒளிந்திருக்கும். முதலில் ரீபூட் செய்துவிட்டால், பழைய கோளாறு எது, புதிய அப்டேட்டால் வந்தது எது என்று பிரித்துவிடலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கப்பல் அட்டவணையைப் பாருங்கள், ஞாயிறு என்பதால் மட்டும் சும்மா இருக்கும் நாள் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபர்ம்வேர் வேலை வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டையே மாற்ற வேண்டி வரலாம். யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று உண்மையிலேயே பிளக்கை இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முடிந்த பிறகு லாகின் திரை வந்தால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட வேண்டாம். சில ஃபர்ம்வேர்கள் ரீபூட்டில் ஏறாது, பவர் கேபிளைப் பிடுங்கி மாட்டினால்தான் ஏறும். அப்டேட்டுக்கு முன்பே பதிப்பு எண்களை எழுதி வைத்துக்கொண்டு, முடிந்ததும் மறுபடி எடுத்து அவற்றோடு ஒப்பிடுங்கள். ரெய்டு கார்டின் கேஷ் (தற்காலிக நினைவகம்) வேகமான ரைட்-பேக் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கார்டின் பேட்டரி சோதனை ஓடும் நேரத்தில் அது மெதுவான ரைட்-த்ரூவுக்கு மாறியிருக்கலாம். திங்கள் காலை டேலி இழுக்கிறது என்று போன் வந்தால் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.